விஜயதசமியன்று ஒரு வெள்ளோட்டம்

சைக்கிளில் ஐரோப்பாவுக்குப் போகப் போவதாக என் மகன் சொன்னபோது நான் ஆறாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே, "சரி, வரும்போது அரை கிலோ ரவை வாங்கிண்டு வா" என்றேன். மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து செம்பூரில் ஆலை வேலைக்கு தினமும் சைக்கிளில் போய் வருகிறவன். அவன் எங்கே போகிறேன் என்று சொன்னாலும் என் காதில் அது செம்பூர் என்றுதான் விழும்.

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆலையில் அவனோடு வேலை பார்த்த ஒரு மராட்டிப் பையனும் அவனுமாக எட்டு மாதமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். பம்பாயிலிருந்து ஈராக்கின் பஸ்ரா துறைமுகம் வரை கப்பல். அங்கிருந்து ஈராக், துருக்கி என்று சைக்கிளிலேயே மேற்கே போவது. இது அறுபதுகளின் நடுவில். அந்த நாளில் இப்படிக் கிளம்பிய இளைஞர்களின் படம் எப்போதாவது பத்திரிகையில் வரும், கழுத்தில் மாலையும் கையில் சைக்கிளுமாக. கிளம்பிப் போனவர்கள் படம் வந்ததே தவிர, திரும்பி வந்தவர்கள் படத்தை நான் பார்த்ததில்லை. இதைக் கணவரிடம் சொன்னேன்.

"வந்திருப்பா. ஒருத்தன் ஆத்துக்குத் திரும்பி வந்தா அதுல என்ன செய்தி இருக்கு?" என்றார்.

அவர் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஆரம்பத்தில் அவருக்குப் பெருமைதான். அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எனக்கு ஒரே பிள்ளை, இருபத்து மூன்று வயது. போகாதே என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறு எல்லாவற்றையும் சொன்னேன். துருக்கியில் குளிருமே, அங்கே என்ன சாப்பிடுவாய், ராத்திரி சைக்கிளை எங்கே வைப்பாய், பல் வலித்தால் என்ன செய்வாய்?

"பல்லை இங்கயே பிடுங்கி வெச்சுட்டுப் போறேன், போறுமா?" என்பான்.

சைக்கிள் புதிது இல்லை. நான்கு வருஷம் அவன் ஓட்டிய கறுப்பு வண்டி. அதையே தூரப் பயணத்துக்குத் தயார் செய்வது என்று முடிவு செய்து, தாராவியில் ஒரு சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனான். சயான் ரயில் மேம்பாலம் இறங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட கடை. கடைக்காரர் திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊர், கிறிஸ்தவர், என் கணவர் வயது இருக்கும். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். மாட்டுங்காவிலேயே கண்ணாடிக் கதவு போட்ட கடை இருக்க, அங்கே ஏன் போகவேண்டும் என்று கேட்டேன்.

"இங்க இருக்கறவா சைக்கிள் விக்கறவா. அவர்கிட்ட வர்றதெல்லாம் சுமை வண்டி. பால் கேன், இட்லிப் பாத்திரம், தோல் மூட்டை. ஒரு வண்டி எவ்வளவு தாங்கும்னு அவருக்குத்தான் தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். அண்ணாச்சி வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஆளு போறதுக்கு ஒரு வண்டி, மூட்டை போறதுக்கு ஒரு வண்டி. தம்பிக்கு ரெண்டும் ஒண்ணாக் கேக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, நீங்க பயப்படாதீய. இந்த வண்டி திரும்பி வரும். தம்பி வாரதும் வராததும் தம்பி இஷ்டம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை ஆறு வாரம் நடந்தது. பின் சக்கரத்துக் கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டு, பால் வண்டிகளுக்குப் போடும் தடித்த கம்பியாகப் போட்டார். ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டிப் பார்ப்பார். தளர்வாக இருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும். மேடு ஏறும்போது மிதிக்க லேசாக இருக்கவேண்டும் என்று பின்னால் கூடுதல் பல் உள்ள பெரிய பல்சக்கரம் மாட்டினார். பின் கேரியருக்கு இரண்டு இரும்புத் தாங்கிகள் சேர்த்து, முன்னாலும் ஒரு கேரியர் வைத்துப் பற்றவைத்தார். சுமை முழுவதும் பின்னால் இருந்தால் ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கும், ஹேண்டில் பேச்சைக் கேட்காது என்றார். தார்ப்பாயில் நான்கு பைகள் தைக்கச் சொல்லி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டார். உபரிக் கம்பிகளைக் கட்டாகக் கட்டி வண்டியின் குழாயோடு சேர்த்துச் சுற்றினார். எல்லாம் முடிந்ததும், கனத்த சரீரம் அவருக்கு, தாமே பின் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ம், மிதிங்க தம்பி. துருக்கிக்கு விடுங்க" என்றார். என் மகன் பல்லைக் கடித்துக்கொண்டு ரயில் பாதை ஓரத்து மேடுபள்ளத்தில் எல்லாம் ஓட்டிக் காட்டினான். தெருவே வேடிக்கை பார்த்தது.

சாமான் விஷயத்தில் எனக்கும் அவனுக்கும் தினமும் வழக்குத்தான். நான் வைப்பேன், அவன் எடுப்பான். கடைசியில் பையை அண்ணாச்சியிடமே கொண்டுபோனோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"பருப்புப் பொடி இருக்கட்டும். வேப்பிலைக்கட்டி இருக்கட்டும். ஊறுகாய் ஜாடி வேண்டாம். நடுக்காட்டுல கம்பி ஒடைஞ்சா ஊறுகாயை வச்சு ஒட்ட முடியாது பாத்துக்கிடுங்க."

"சொல்லுங்க அண்ணாச்சி, நான் சொன்னா கேக்க மாட்டா" என்றான் மகன்.

கடைசி வேலையாக பிரேக் கட்டைகளை மாற்றினார். ஹேண்டிலில் உள்ள பிரேக் கம்பியை இழுத்தால் சக்கர வளையத்தின் உள்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள் அவை. "புதுக் கட்டை தம்பி. ரெண்டு நாளைக்கு வழுக்கத்தான் செய்யும். தேயத் தேயப் பிடிக்கும்" என்றார். அப்புறம் கப்பலைப் பற்றிச் சொன்னார்: டெக்கில் உப்புக் காற்று அடிக்கும், வண்டி துரு ஏறும், ஏற்றுவதற்கு முன்னால் எண்ணெய் போட்டுக்கொள்ளுங்கள் என்று. அவர் சங்கிலியையும் கம்பிகளையும் மனதில் வைத்துச் சொன்னார். என் காதில் எண்ணெய் என்பது மட்டும் விழுந்தது.

மறுவாரம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டு வழக்கம், அன்று காலையில் இரும்பு என்று இருப்பதை எல்லாம் கழுவித் துடைத்து, துரு ஏறாமல் தேங்காயெண்ணெய் தடவி, பிறகு சந்தனம் குங்குமம் இடுவது. அரிவாள்மணை, தையல் மிஷின், கணவருடைய கத்திரிக்கோல், சுத்தியல் எல்லாம் வரிசையில் இருக்கும். மகனுக்கு ஆலையில் மிஷின்களுக்குப் பூஜை. "சைக்கிளையும் துடைச்சு வெச்சுடும்மா" என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டான்.

மாடிப்படிக்குக் கீழே அந்த வண்டியோடு ஒரு மணி நேரம் இருந்தேன். அதற்கு முன்னால் அவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததில்லை. ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, கிண்ணத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சங்கிலி, கம்பிகள், ஹேண்டில், கேரியர். பிறகு சக்கர வளையங்கள். துணியை விரலில் சுற்றிக்கொண்டு கம்பிகளுக்கு நடுவே விட்டு, வளையத்தின் உள்பக்கம் முழுவதும் தடவினேன். மறைவான இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தடவும்போது, இது பத்திரமாகப் போகவேண்டும், இது பத்திரமாகப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் தடவினேன்.

பூஜை வைத்த கருவியை அன்று யாரும் தொடுவதில்லை. மறுநாள் விஜயதசமியன்றுதான் எடுப்பது. அதனால் அன்று முழுக்க அந்த வண்டியில் யாரும் ஏறவில்லை.

விஜயதசமி புதிதாகத் தொடங்குவதற்கு நல்ல நாள். முழுச் சுமையோடு வெள்ளோட்டம் அன்றுதான் என்று அவன் முன்பே தீர்மானித்திருந்தான். நான்கு பைகளையும் மாட்டிக்கொண்டு மாட்டுங்காவிலிருந்து சயான் போய், பாலம் ஏறி இறங்கி அண்ணாச்சியிடம் காட்டிவிட்டு, அங்கிருந்து கல்யாண் வரை போய்த் திரும்புவது. நானும் கணவரும் பஸ்ஸில் முன்னால் போய்க் கடையில் நின்றோம். கடை வாசலில் சாமந்தி மாலை தொங்கியது. "உங்களுக்கும் இது உண்டா?" என்று கணவர் கேட்டார்.

"எனக்கு எங்க சார்? மாலை போடலேன்னா இன்னிக்கு டயருக்கு ஹவா அடிக்கக்கூட ஒருத்தனும் வர மாட்டான்" என்றார் அண்ணாச்சி.

பாலத்தின் உச்சியில் மகன் தெரிந்தான். கையை ஆட்டினான். பிறகு இறங்கத் தொடங்கினான். பாதி இறக்கத்தில் அண்ணாச்சி, "மெதுவா, மெதுவா" என்று தமக்குள் சொல்வது போலச் சொன்னார். அதற்குப் பிறகு, "ஏல, பிடி! பிடி!" என்று கத்திக்கொண்டே ரோட்டுக்கு ஓடினார். வண்டி நிற்கவில்லை. சுமை அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. மகன் இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி வந்தான், செருப்பு ஒன்று பறந்துபோனது. கீழே ஒரு பஸ் குறுக்கே போயிற்று. அது போய் முடிந்த இடத்தில் தோல் மூட்டைகள் ஏற்றிய கைவண்டி ஒன்று வந்தது. அவன் அதற்குள் போய் விழுந்தான்.

பஸ் முந்தியா கைவண்டி முந்தியா என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. நடுவில் இருந்த இடைவெளி ஒரு சைக்கிள் அளவுதான்.

தோல் மூட்டைகள் மெத்தையாக இருந்ததால் பிழைத்தான். வலது மணிக்கட்டு பிசகிற்று, முழங்கால் தோல் உரிந்தது, அவ்வளவுதான். "நன்னா அழுத்தித்தான் பிடிச்சேன். வழுக்கிண்டே போச்சு. வர்ற வழியில கிங் சர்க்கிள்லயே சரியாப் பிடிக்கல. புதுக் கட்டைதானேன்னு விட்டுட்டேன்" என்றான். அண்ணாச்சி வண்டியைத் தூக்கி நிறுத்தினார். "நாந்தான் அப்படிச் சொன்னேன்" என்றார்.

சக்கரமெல்லாம் தோலில் இருந்த கொழுப்பும் உப்புமாக ஒட்டியிருந்தது, நாற்றம் தாங்கவில்லை. அண்ணாச்சி ஒரு துணியை விரலில் சுற்றிக் கம்பிகளுக்கு நடுவே விட்டு வளையத்தின் உள்பக்கத்தைத் துடைத்தார். அந்த விரல் போகும் விதத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. முந்தின நாள் என் விரல் அப்படித்தான் போயிற்று.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கணவர்தான் பேசினார். பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்த இடத்தில், "உம்மை நம்பித்தானேய்யா பிள்ளையை அனுப்பினேன்? பால் கேனும் என் பிள்ளையும் உமக்கு ஒண்ணா?" என்று கத்தினார். அண்ணாச்சி துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் மகனுடைய பாஸ்போர்ட்டையும் கப்பல் டிக்கெட்டையும் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். "முடிஞ்சது. இனிமே பேச்சே வேண்டாம். பிரேக்கே பிடிக்காத வண்டியில துருக்கி என்ன, தாதர்கூடப் போக வேண்டாம்" என்றார். மகன் எதிர்த்துப் பேசுவான் என்று நினைத்தேன். பேசவில்லை. அவனுக்கே அந்த வண்டி மேல் நம்பிக்கை போயிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. கப்பலுக்கு அப்போது பதினோரு நாள் இருந்தது. மராட்டிப் பையன் வந்து பார்த்துவிட்டு, கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொடுத்து, தான் தனியாகவாவது போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகு என் மகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பிள்ளை வீட்டிலேயே இருப்பான். ஒன்பது நாள் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து நான் வேண்டியது அதைத்தானே? நானே இப்படி நினைத்தேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நான் ஆறாம் வகுப்புக்குப் பொது விஞ்ஞானம் எடுக்கிறவள். எண்ணெய் இட்டால் உராய்வு குறையும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள். அன்று படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது அது எப்படி எனக்கு நினைவு வராமல் போயிற்று?

மூன்றாம் நாள், தாராவியில் அந்த ஆளிடம் யாரும் வண்டி விடாதீர்கள் என்று கணவர் எங்கள் கட்டிடத்தில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது. அன்று பள்ளி விட்டதும் நேரே சயானுக்கு பஸ் ஏறினேன்.

அண்ணாச்சி என் மகனின் வண்டியைத்தான் தலைகீழாக நிறுத்தி, வளைந்த முன் கேரியரை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "இருங்க டீச்சரம்மா. தம்பிக்குக் கை எப்படி இருக்கு?" என்றார்.

"அண்ணாச்சி, பிரேக் பிடிக்காதது உங்க தப்பு இல்லை. ஆயுத பூஜை அன்னிக்கு நான்தான் சக்கரத்துக்கு எண்ணெய் தடவினேன். உள்பக்கமும்."

அவர் கையை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"கட்டையைக் கழத்தி மோந்து பாத்தேன். தோல் நாத்தத்துக்கு அடியில தேங்காயெண்ணெய் வாடை. தினமும் தலையில தேய்க்கிறதுதான, தெரியாதா?"

"அப்புறம் ஏன் அவர்கிட்ட சொல்லலை? அத்தனை பேருக்கு முன்னால உங்களை…"

"சார் ஏசினாரு, போயிட்டாரு. நாளைக்கு இன்னொருத்தன் ஏசுவான். பெத்தவ செஞ்சுட்டான்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" சுத்தியலைக் கீழே வைத்தார். "எம் மவன் குவைத்துக்குப் போறேன்னு நின்னான். எங்க வீட்டம்மா அவன் பாஸ்போட்டை அரிசி டின்னுக்குள்ள பொதைச்சு வச்சுட்டா. பத்து நாள் தேடுனோம். அவளும் சேந்துதான் தேடுனா. பொம்பளைக மனசு எனக்குத் தெரியும்."

"அண்ணாச்சி, நான் வேணும்னு செய்யலை. துரு பிடிக்கப்படாதுன்னுதான் செஞ்சேன்."

"சரி டீச்சரம்மா" என்றார்.

நோட்டை வீட்டில் மறந்துவிட்டேன் டீச்சர் என்று சொல்லும் பிள்ளைகளிடம் நானும் அப்படித்தான் சரி என்பேன். அவர் என்னை நம்பவில்லை. நம்பாமலே மன்னித்துவிட்டிருந்தார். அதற்கு மேல் அந்த ஸ்டூலில் என்னால் உட்கார முடியவில்லை.

எழுந்தபோது, "கட்டை புதுசு போட்டுட்டேன். வளையத்தைத்தான் இன்னும் கழுவல. கழுவட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க" என்றார். வண்டியை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவைக்கச் சொன்னேன்.

சாயங்காலம் கணவரும் மகனும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். எண்ணெய் தடவியது, பாலத்தடியில் தெரிந்துகொண்டது, மூன்று நாள் சொல்லாமல் இருந்தது, அண்ணாச்சி சொன்னது எல்லாவற்றையும். கணவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "வேணும்னு பண்ணினியாம்மா?"

"இல்லைடா."

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிட்டேன். அது உண்மைதான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்போ வண்டியில ஒரு குறையும் இல்லை" என்றான். அவன் முகத்தில் மூன்று நாளாக இல்லாத ஒன்று திரும்பி வந்தது. கணவர் எழுந்து போனார். பீரோவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இருந்த உறையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனார். தாராவிக்குத்தான் போனார் என்பது பிற்பாடு தெரிந்தது. அண்ணாச்சியிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றது. வாளியில் வெந்நீர் ஊற்றி வாஷிங் சோடா கரைத்தேன். மகனுக்கு வலது கை கட்டில் இருந்தது, தேய்க்க முடியாது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, இடது கையால் அவன் சக்கரத்தை மெல்லச் சுற்ற, நான் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டுத் தேய்த்தேன். கை எரிந்தது. ஒரு சுற்று முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு அவன் விரலை வைத்துப் பார்த்தான். "இன்னும் இருக்கும்மா" என்றான். மறுபடி தேய்த்தேன். பின் சக்கரம் இரண்டு தடவையில் முடிந்தது. பிரேக்கை இழுத்துப் பார்த்தான். சக்கரம் சட்டென்று நின்றது.

"இன்னொரு வாளி வெந்நீர் வேணும்" என்றேன். படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவர் உள்ளே போய்க் கொண்டுவந்தார்.

முன் சக்கரத்தை நான்கு தடவை கழுவினேன். மூன்றாவது தடவையே போதும் என்றுதான் அவன் சொன்னான்.